பச்சைக்கல்மடுக் கிணறு

விடாமல் அடித்த மாரிமழை அன்று காலைதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. யசோதினிக்கு அந்த மழைமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சீமெந்துத் தொட்டியில் ஊறப்போட்ட நெல், வெயில் காணாமல் புளிக்கத் தொடங்கியிருந்தது. பழுகாமத்து மில்லுக்கு நெல் அவித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். அரைப் பீப்பாயில் நெல்லை அள்ளிப் போட்டு, உமியைத் தள்ளித் தள்ளி எரித்து, நெல் வாய் பிளக்கிற பதம் பார்த்து இறக்கி, தார்ப்பாய்ப் படங்கில் பரப்பிக் காலால் கிண்டிக் காயவிட வேண்டும். பதம் தப்பினால் அரிசி குறுணலாகப் போகும். நெல்லுக்குச் சொந்தக்காரன் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்பான்.

அடுப்பை மூட்டிவிட்டு, படங்கை விரிக்க முன்வளவுக்கு வந்தாள். மற்ற நுனியைப் பிடிக்க மகள் தனுஷியாவையும் கூப்பிட்டுக்கொண்டாள். அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பிள்ளை சிணுங்கிக்கொண்டுதான் எழும்பி வந்தாள்.

படங்கை உதறும்போது பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய எருமையின் வயிற்றுக்குள் காற்றுப் புரள்வது போல. பிறகு ஓடுகள் நொறுங்கின. யசோதினி திரும்பிப் பார்த்தபோது குசினி இல்லை. சுவரும் பீப்பாயும் தொட்டியும் அடுப்பும் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வாய் திறந்திருந்தது. அதற்குள் இருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. கொதிநீரும் நெருப்பும் அடியில் எங்கேயோ இருந்த தண்ணீரில் விழுந்து சீறின.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தெருவுக்கு ஓடினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளையைக் கூப்பிடாமல் வந்திருந்தால் என்ற ஒரு நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது.

பச்சைக்கல்மடு என்பது வாவிக்கு மேற்கே, வயல்வெளி முடிந்து மலை தொடங்குகிற இடம். மலையடியில் மழைநீர் தேங்கும் மடுவொன்று. அதைச் சுற்றிய பாறைகளில் பாசிபோலப் பச்சை படிந்திருக்கும். சுரண்டினால் போகாது. கல்லுக்குள் இருக்கிற செம்பு, மழையும் காற்றும் பட்டுக் களிம்பேறி வெளியே வந்த பச்சை அது. அந்த மடுவில் கிடந்த பழைய இரும்புக் கத்தியை எடுத்தால் சிவப்பாகச் செம்பு பூசியிருக்கும். புதர்களுக்குள்ளே செம்பு உருக்கிய கசடான கறுத்த கிட்டக்கல் குவியல்கள் கிடந்தன. யார் எந்தக் காலத்தில் உருக்கியதென்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கம்பனி குழி இறக்கிப் பார்த்துவிட்டுப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு எழுபதுகளில் அரசாங்கம் அதே குழியைத் தூர்வாரி, ஆழமாக்கி, பக்கவாட்டில் சுரங்கம் வெட்டியது. எழுபத்தெட்டுச் சூறாவளியோடு எல்லாம் தண்ணீருக்குள் போனது. அதன் பிறகு சண்டை. காடு வளர்ந்து எல்லாவற்றையும் மூடியது. மூன்று வருடங்களுக்கு முன் காட்டை டோசர் போட்டுத் தள்ளி, அந்தச் சரிவில் ஓட்டு வீடுகள் கட்டி, மாதிரிக் கிராமம் என்று பெயர்ப் பலகை நட்டு, வீடில்லாத சனங்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள்.

உதயரூபன் சேதி கேட்டு வயல் வட்டையிலிருந்து உழவு மிசினோடு வந்து சேர்ந்தான். மனைவியையும் மகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். யசோதினியின் தகப்பன் கோணாமலைதான் குழியின் அருகே முதலில் போனார். எழுபதை எட்டப்போகும் ஒல்லி மனிதர். விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். குழியின் ஒரு பக்கச் சுவரில், மண்ணுக்குள் இருந்து அரைவாசி உக்கிய பாலைமரக் கட்டை ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கண்டதும் பின்னுக்கு நகர்ந்து, தலையில் கைவைத்துச் சேற்றிலேயே குந்தினார்.

மறுநாள் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வீடுகளைக் கட்டிய கொந்தராத்துக்காரரும் கூட வந்தார். இருவரும் சப்பாத்தில் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாண்டிப் போய்க் குழியைப் பார்த்தார்கள்.

“இது ஆரோ அந்தக் காலத்தில வெட்டின பழைய கிணறு” என்றார் அதிகாரி.

“கிணறாயிருந்தாலும் சும்மா இறங்காது சேர்” என்றார் கொந்தராத்துக்காரர். “இவ நெல்லவிக்கிறன் எண்டு நாள் முழுக்கத் தண்ணியக் கொட்டுறா. மண் கரையாம என்ன செய்யும்? வீட்டக் குடுத்தது குடியிருக்க. மில்லு நடத்த இல்ல.”

யசோதினிக்குத் தலை கொதித்தது. “நான் ஊத்தின தண்ணியாலயா? அப்ப உள்ளுக்க இருக்கிற மரத்தையும் நான்தானா கொண்டுபோய் முண்டு குடுத்தன்? கிணத்துக்கு ஆரு ஐயா பக்கவாட்டில முண்டு குடுக்கிற? எட்டிப் பாருங்க. இந்தச் சப்பாத்தக் கழட்டிப்போட்டுப் படுத்துப் பாருங்க!”

“யசோ...” என்று உதயரூபன் அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிட்டாள்.

அதிகாரி குரலை இறக்கினார். “தங்கச்சி, கோவப்படாதீங்க. நாங்க கிரவல் போட்டு நிரப்பித் தாறம். புதுக் குசினியும் கட்டித் தாறம். பழைய கிணறொண்டு இடிஞ்சது எண்டு எழுதிக்கொண்டு வாறன், ஒரு கையெழுத்து வச்சாக் காணும்.”

“கிணறெண்டா வைக்கமாட்டன்.”

“உங்கட மனுசி கொஞ்சம் யோசிக்கட்டும்” என்று உதயரூபனிடம் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

பின்னேரம் அன்னப்பூரணி வந்தாள். ஒழுங்கைக்கு அங்கால் வீடு. மாதர் சங்கத்துத் தலைவி. புருஷனைச் சண்டையில் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவள். முன்வளவில் மூன்று கல் வைத்து யசோதினி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அன்னப்பூரணி கொண்டுவந்த கருவாட்டு ஆணச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே குந்தினாள்.

“புள்ள, கிணறெண்டே சொல்லிப்போடன்.”

யசோதினி நிமிர்ந்தாள். “என்ன மாமி கதைக்கிறீங்க?”

“போன வரியம் மலையில மிசின் வச்சுத் துளைச்சு, நீளம் நீளமாக் கல்லெடுத்துப் பெட்டியில அடுக்கிக்கொண்டு போனானுகளே கம்பனிக்காரனுகள், மறந்தித்தியா? சுரங்கம் எண்டு நம்மட வாயால வந்தாக் காணும். ஆபத்து, எழும்புங்க எண்டு எல்லாரையும் எழுப்பிப்போட்டு நிலத்த அவனுகளுக்குக் குடுத்திருவானுகள். மறுகா நாம எங்ககா போற? திரும்பவும் தகரக் கொட்டிலுக்கா?”

“அப்ப என்ட புள்ள குழிக்க விழுந்தாலும் பரவால்லையா?”

“விழல்லயே.”

யசோதினி அகப்பையைக் கீழே போட்டாள். “மாமி, ஆணத்தத் தூக்கிக்கொண்டு எழும்புங்க.”

“இஞ்ச பாரு புள்ள...”

“எழும்புங்க எண்டன்!”

அன்னப்பூரணி எழும்பினாள். ஆணச்சட்டியை எடுக்கவில்லை. படலையில் நின்று திரும்பிச் சொன்னாள். “உனக்கு மட்டும் புள்ள இல்ல. உனக்கு மட்டும் வீடும் இல்ல. ஊரையே எழுப்பிப்போட்டு நீ எங்க நிம்மதியா இருக்கப்போறாய் எண்டு பார்க்கிறன்.”

சோறு குழைந்துபோனது. அதைப் பிசைந்து பிள்ளைக்குத் தீத்திவிட்டு, யசோதினி தகப்பனைத் தேடிப் போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கோணாமலை வளவின் மூலையில் வேலிக் கதியாலை ஊன்றிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக ஒரு வேலையும் இல்லாமல் அதே வேலியைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த மரத்தக் கண்டிற்று ஏன் குந்தினீங்க?”

அவர் கதியாலை விடவில்லை. “கால் உளைஞ்சிச்சு.”

“பொய் சொல்லாதீங்க. நீங்க மலையில அந்தச் சுரங்கத்தில வேலை செஞ்சவர்தானே?”

கோணாமலை கதியாலை விட்டுவிட்டுக் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“செஞ்சன். மீசை அரும்பின வயசு. மலையில இரிக்கிற கிடங்குக் குழிக்குள்ள விஞ்சால கூட்டில வச்சு இறக்குவானுகள். தலையில காபைட் லாம்பு. கறுத்தக் கல்லு, இரும்ப விடப் பாரம். காந்தம் வச்சா ஒட்டும். அதுக்குள்ள மஞ்சள் மஞ்சளா மினுங்கும், அதுதான் செம்புக் கல்லு. பொன்னெண்டு நினைச்சுச் சாறத்துக்க முடிஞ்சு கொண்டுபோனவனுகளும் இரிக்கானுகள். அந்தக் கல்லு நேரா இறங்காது மகள். சரிஞ்ச பலகை மாதிரிச் சாஞ்சுதான் கிடக்கும். அதுக்குப் பின்னால போய்ப் போய்க் கிழக்குப் பக்கம் ஒரு கால், பக்கச் சுரங்கம், வெட்டினம். மலை முடிஞ்சு நிலம் தாழுற பக்கம். அங்க மேல இரிக்கிறது உக்கின கல்லு, கையால நொறுங்கும். அதால நெருக்கி நெருக்கிப் பாலைமர முண்டு குடுத்தம். வெடி வச்சாப் புகை போறதுக்கு முன்னமே உள்ளுக்க போகோணும். எப்பவும் ஊத்துத் தண்ணி. இறைக்கிற பம்பி நிண்டா முழங்காலுக்கு வந்திரும்.”

“கிழக்குக் கால் எதுவரைக்கும் வந்த?”

அவர் காலடி நிலத்தைப் பார்த்தார்.

“இதுக்குக் கீழயா?”

“ஓம்.”

“இஞ்ச வீடு கட்டக்க உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். டோசர் தள்ளக்க விஞ்சு நிண்ட கொங்கிறீட்டக் கண்டன்.”

மறுப்பார் என்று எதிர்பார்த்து, அதற்கான ஏச்சுகளைத் தயாராக வைத்திருந்தாள் யசோதினி. அவர் ஓமென்றதும் அந்த ஏச்சுகளுக்கு இடமில்லாமல் போனது.

“ஏனப்பா?” என்றாள்.

“நீ ஒரு பொம்புளப் புள்ள. நம்மட பக்கத்தில மகளுக்கு வீடு குடுக்காத தகப்பன ஆரு மனிசனா மதிக்கிற? முதல் கட்டின வீடு செல்லடியில போச்சு. மறுகா கட்டின மண்வீடு வெள்ளத்தில போச்சு. வீடில்லாத பொட்டையத்தான் உதயரூபன் வந்து கட்டினான். ஒருநாளும் அத அவன் சொல்லிக் காட்டல்ல. அதுதான் மகள் எனக்குக் கூடச் சுட்டது. அந்தத் தகரக் கொட்டிலுக்க அவன் குனிஞ்சு குனிஞ்சு போகக்கயெல்லாம் நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு இருந்தனான். உன்ட பேர் கூப்பிட்டு வீட்டுத் திறப்புக் குடுக்கக்க, வாயத் திறப்பம் எண்டுதான் நிண்டன். திறந்தா அந்தத் திறப்ப வாங்கிருவானுகள்.”

“எனக்கு வீடு தந்தீங்களா, கிடங்கு தந்தீங்களா?” அவள் குரல் ஒழுங்கைவரை கேட்டது. “என்ட புள்ள அந்த அடுப்படியில இருந்தாள்! உங்கட மானத்தக் காப்பாத்த என்ட புள்ளையக் கொண்டுவந்து ஓட்டைக்கு மேல வச்சிருக்கிறீங்க!”

கோணாமலை நின்றபடியே அழுதார். அவளுக்கு அதையும் தாங்க முடியவில்லை. அழுகிற மனிதனை இன்னும் ஏச முடியாமல் போனது அவள் கோபத்தை இரட்டிப்பாக்கியது. கதியாலைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தகப்பனோடு பேசவில்லை.

மழை மறுபடி தொடங்குவதற்கு முன் டிப்பர்கள் வந்தன. கிரவலை ஏற்றி வந்து குழிக்குள் கொட்டின. சனம் ஒழுங்கையில் நின்று பார்த்தது. ஒவ்வொரு தடவையும் மண் விழுந்து, கொஞ்சம் பிந்தி அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. காலையிலிருந்து கொட்டியும் குழி நிரம்பவில்லை. கொட்டிய மண் அடியில் பக்கவாட்டாக எங்கேயோ நழுவிப் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சுக் குறைந்தது.

ஏறாவூர் டிப்பர்க்காரன் ஷிஹான், லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது விளிம்பில் மண் வெடிப்பதைக் கண்டு நிறுத்திவிட்டான். இறங்கி வந்தான்.

“சேர், இனி என்னால ஏலா. இது கிணறில்ல. கிணறெண்டா எப்பயோ நிரம்பியிரிக்கும். என்ட வாகனமும் போய், நானும் போயிருவன் போலரிக்கி.”

“நீர் சொன்ன வேலையச் செய்யும்” என்றார் கொந்தராத்துக்காரர்.

“சொன்ன வேலை கிணறு நிரப்புற. இதுக்க நான் ஊரையே கொட்டோணும் போலரிக்கி.” யசோதினியின் பக்கம் திரும்பினான். “அக்கா, ராவைக்கு இந்த ஊட்டுக்க படுக்காதீங்க. அல்லாக்காகச் சொல்றன்.” வண்டியை முன்னுக்கு எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

அதிகாரி கையிலிருந்த கடுதாசியை நீட்டினார். “மேல கொங்கிறீட் தட்டுப் போட்டு மூடலாம் தங்கச்சி. பிரச்சினை முடிஞ்சு. இதில வைங்க.”

யசோதினி கடுதாசியை வாங்கவில்லை. முன்வளவில் குவிந்து கிடந்த உமிச்சாம்பலைக் கடகம் நிறைய அள்ளினாள். தகப்பனின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

“கோடு போடுங்க.”

கோணாமலை அவளைப் பார்த்தார். பேசாமல் இருந்த மகள் பேசிய முதல் வார்த்தை அது.

“கிழக்குக் கால் எதால போகுதெண்டு எல்லாருக்கும் முன்னால போட்டுக் காட்டுங்க. அண்டைக்குத் திறக்காத வாயத் திறக்கத் தேவல்ல. கையால காட்டுங்க.”

உதயரூபன் குனிந்து கடகத்தின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கி மாமனாரின் இடுப்பில் வைத்துவிட்டான். “வீடு அவள்ட. அவள் சொல்றதச் செய்யுங்க மாமா” என்றான்.

கிழவர் மலையைத் திரும்பிப் பார்த்து, கண்ணால் ஏதோ அளந்து, நடந்தார். கை கையாகச் சாம்பலை விட்டார். கோடு யசோதினியின் சாமியறை மூலையைத் தொட்டுப் போனது. ஒழுங்கையைக் கடந்தது. அன்னப்பூரணியின் படலைக்குள் நுழைந்து, அவள் வாசலுக்கு நேராக ஏறி, பின்வளவால் இறங்கி, பாலர் பாடசாலை முற்றத்தில் போய் நின்றது. பிள்ளைகளின் ஊஞ்சலுக்குக் கீழே கடைசிப் பிடியை விட்டார்.

“இதோட நிப்பாட்டினம்” என்றார். “சூறாவளி வந்திற்று.”

முதலில் எறிந்தது யாரென்று தெரியவில்லை. சேற்றுக்கட்டி ஒன்று அவர் முதுகில் வந்து விழுந்தது. “தெரிஞ்சு வச்சிக்கொண்டா இவ்வளவு காலமும் எங்களோட குந்தித் தேத்தண்ணி குடிச்ச?” என்று ஒருவன் பாய்ந்தான். உதயரூபன் இடையில் விழுந்து பிடித்தான். அன்னப்பூரணி விளக்குமாறை எடுத்து வந்து தன் வாசலில் கிடந்த சாம்பலை வெறிபிடித்தவள் மாதிரிக் கூட்டினாள்.

“எனக்கு ஒண்டும் தெரியா! என்ட வீட்டுக்குக் கீழ ஒண்டுமில்ல! எடுத்துக்கொண்டு போ உன்ட சாம்பல!” என்று கத்தினாள். கூட்டக் கூட்டச் சாம்பல் பறந்து அவள் முகமெல்லாம் அப்பியது.

ஆனால் பாலர் பாடசாலை ரீச்சர் அதற்குள் போனில் கோட்டைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். அதற்கு மேல் அந்த அதிகாரியால் அதை மூடி மறைக்க முடியவில்லை.

அன்னப்பூரணி சொன்னதுதான் நடந்தது. எல்லாரும் எழும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெட்டியும் பாயும் ஆடும் கோழியுமாகச் சனம் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போனது. மண்டபத்தில் சேலை கட்டி மறைத்து ஒவ்வொரு குடும்பமும் ஒதுங்கியது. யசோதினியின் மறைப்புக்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை. தண்ணீர் அள்ளப் போனால் குழாயடி காலியாகும். அவள் தலை குனியாமல் போய்வந்தாள்.

மார்கழி முடிகிற நேரம், ஒரு மழைக்குள் அன்னப்பூரணியின் வெற்று வீட்டின் வாசல் இறங்கியது. அன்னப்பூரணி போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு மூலையில் குந்தினாள். அவள் நன்றி சொல்ல வரவுமில்லை, யசோதினி எதிர்பார்க்கவுமில்லை.

தை பிறந்ததும் குடியிருப்பைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். ஒரு பக்கம் ‘ஆபத்தான நிலம், உட்பிரவேசிக்க வேண்டாம்’ என்று பலகை. வேலிக்குள்ளே கம்பனியின் துளைக்கிற மிசின். அதைப் பார்த்துவிட்டு வந்த உதயரூபன், எப்போதும் குரல் உயர்த்தாதவன், மண்டபத்தின் நடுவில் நின்று கத்தினான்.

“குடியிருக்க ஏலாத நிலமாம், தோண்ட ஏலுமாம்! நம்மட பாரம் தாங்காதாம், மிசின்ட பாரம் தாங்குமாம்!”

இரண்டொரு நாளில் அதே அதிகாரி கம்பனிக்காரர் ஒருவரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இந்த முறை கதிரை கேட்டு வாங்கினார்கள். தங்களுக்கில்லை, கோணாமலைக்கு. அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தாங்கள் நின்றார்கள்.

“ஐயா, உங்களப் போல அந்த உள்வழி தெரிஞ்ச ஆள் இப்ப ஒருத்தரும் உயிரோட இல்ல” என்றார் கம்பனிக்காரர். “பழைய கால்கள் எங்கெங்க போகுதெண்டு ஒருக்கா வந்து காட்டினாப் போதும். வாகனம் அனுப்புறம். உங்கள நல்லாக் கவனிப்பம்.”

மண்டபத்தில் ஒவ்வொரு சேலை மறைப்பும் விலகியது. யசோதினி பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைப் பிடித்தபடியே நின்றாள். தகப்பன் இப்போது என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோணாமலை கதிரையின் விளிம்பில்தான் இருந்தார். “எனக்கு ஞாபகமில்லத் தம்பி” என்றார்.

“என்ன ஐயா, போன மாசந்தானே சாம்பலால கோடு போட்டுக் காட்டின நீங்க?” என்றார் அதிகாரி. “எல்லாரும் பார்த்தவங்கதானே?”

“என்ன கோடு?”

குரல் பின்னாலிருந்து வந்தது. அன்னப்பூரணி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

“கோடுமில்ல, சாம்பலுமில்ல. நான்தான் அந்த வாசலக் கூட்டினவள், எனக்குத் தெரியாதா? அது பழைய கிணறெண்டு நீங்கதானே ஐயா எழுதிக்கொண்டு வந்தீங்க. கிணத்துக்க உங்களுக்கு என்ன அலுவல்? எங்களுக்கு வீடு கட்டக்க ஒரு கிழவன்ட கதையும் கேக்கல்ல. உங்கட மிசின் விழாம இருக்கிறதுக்கு மட்டும் இந்தக் கிழவன் வேணுமா?”

“அம்மா, நீங்க தேவையில்லாம...”

“வெளிய போங்க! அந்தக் கதிரையும் பள்ளிக்கூடத்துக் கதிரை, உங்கட இல்ல!”

மண்டபம் முழுக்கச் சத்தம் போட்டது. சேறெறிந்தவனும் போட்டான். வந்தவர்கள் ஜீப்பில் ஏறும்வரைக்கும் அது நிற்கவில்லை.

அன்னப்பூரணி திரும்பி யசோதினியைத் தாண்டிப் போகும்போது நின்றாள். “உன்னோட எனக்கு இன்னும் கோவம்தான்” என்றாள்.

“எனக்கும்தான் மாமி.”

“ம். நாளைக்கு எல்லாருமாக் கந்தோருக்குப் போவம். வீடு தராம அந்தப் படியால இறங்கிறல்ல.”

கோணாமலை கதிரையை விட்டு எழும்பி, அதைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பறையில் வைத்துவிட்டு வந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல் தன் பாயை நோக்கிப் போனார். யசோதினி அவர் முன்னால் போய் நின்றாள். அவளுடைய கோபம் ஆறவில்லை. இந்தப் பிறவியில் ஆறுமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

“நாளைக்கு நீங்களும் வாறீங்க” என்றாள். “கம்பனிக்கு வழி காட்டத் தேவல்ல. ஆனா விஞ்சுக் கொங்கிறீட்டக் கண்டும் ஏன் வாயப் பொத்தினீங்க எண்டு கந்தோர்க்காரனுகளுக்கு முன்னால சொல்லோணும். ஒண்டும் விடாமச் சொல்லோணும். உங்களுக்கு வெக்கமா இருந்தாலும் சொல்லோணும்.”

“சொல்றன் மகள்.”

“ஏலாதெண்டு மட்டும் காலையில சொல்லிப்போடாதீங்க.”

“சொல்றன் எண்டனே.”

அவள் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தாள். கோப்பையில் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

“தின்னுங்க” என்றாள்.

கிழவர் குந்தியிருந்து சாப்பிடத் தொடங்கினார்.